மாதா ஊற்று நின்றுபோனது பற்றி அசுந்தாவுக்கு

செப்டம்பர் 24, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அசுந்தாவுக்கு,

நோஃப்ரியோ எழுதிக்கொள்வது. நீயும் ரோசால்பாவும் அவள் வயிற்றில் இருக்கும் சின்னதும் சுகமாக இருக்க வேண்டும். பிரசவம்வரை அவள் படுக்கையைவிட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக மாப்பிள்ளை செய்தி அனுப்பியிருந்தார். அவர் அனுப்புவதால்தான் எனக்கு உங்கள் நிலவரம் தெரிகிறது. பதினோரு நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. கோபம் இல்லை. எடுத்திருந்தாலும் நான் பாதியை விழுங்கித்தான் பேசியிருப்பேன். அதனால் எழுதுகிறேன். உனக்கு நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பட்டாளத்தில் இருந்தபோது. பிழை இருந்தால் ரோசால்பாவைத் திருத்தச் சொல்லாதே, அவள் இதைப் பார்க்க வேண்டாம்.

வீடு அப்படியேதான் இருக்கிறது. கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. பாஸ்தா வேகவைத்த தண்ணீரிலேயே தட்டையும் கழுவிக்கொள்கிறேன். மாடித் தொட்டியில் முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர் இருக்கிறது. துளசிச் செடிகளில் இரண்டு போய்விட்டன, ஒன்று தாக்குப்பிடிக்கிறது. நீ மகளிடம் போனபின் மழை ஒரே ஒரு நாள் பெய்தது, அதுவும் தெரு நனையும் அளவுக்குத்தான்.

நான் மாதா ஊற்றை அடைத்துவிட்டேன் என்று நெட்டா உனக்குப் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். மீன் விற்கிற வாய், தெருக்கோடிவரை கேட்டது. அவள் சொன்னது பொய் இல்லை. ஆனால் முழுவதையும் நான்தான் சொல்ல வேண்டும்.

மாதா சிலை நிற்கும் துறைமுகப் பாறைக்கு முன்னால் ஒன்பது வெள்ளிக்கிழமை நீ முழங்காலில் நின்றது எனக்கு மறக்கவில்லை. இரண்டு குழந்தைகள் தங்காமல் போனபிறகு நீ வாயைத் திறந்து பேசியதே அந்தப் பாறையிடம்தான். பாறை இடுக்கில் வழிகிற தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தாய். மறு வருஷம் ரோசால்பா பிறந்தாள். அன்றைக்கு எனக்கும் அது மாதா ஊற்றுதான். சந்தேகம் எதுவும் இருக்கவில்லை.

ரோசால்பாவுக்கு ஒன்பது வயது நடந்த கோடையில், மேட்டுத்தெருவின் மேல்தொட்டிக்கு ஏறும் தண்ணீர் பாதி வழியில் எங்கேயோ குறைகிறது, கண்டுபிடி என்று எங்கள் தண்ணீர் அலுவலகத்தில் சொன்னார்கள். எங்கள் மேஸ்திரி கோசிமோவும் நானும் மோட்டார் அறையில் குழாய்க்குள் பச்சைச் சாயம் விட்டோம். துறைமுகச் சாலை நெடுக நடந்து பார்த்தோம். எங்கும் ஈரம் இல்லை. மத்தியானம் பாறைப் பக்கம் திரும்பினால் மாதாவின் காலடியில் பச்சைத் தண்ணீர் வழிகிறது. கோசிமோ முதலில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். "டேய் நோஃப்ரியோ, இத்தன வருஷமா ஊரே மண்டிபோட்டுக் கும்புட்டது நம்ம ஓட்டக் குழாயடா" என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "வெளியில மூச்சு விட்ட, நம்ம ரெண்டு பேரையும் கல்லக் கட்டிக் கடல்ல இறக்கிடுவாங்க. கசிவு இருக்குன்னு எழுது. எங்கன்னு எழுதாத" என்றார். அப்படியே எழுதினேன்.

அன்று சாயங்காலம் நீ ஒரு பாட்டிலோடு வீட்டுக்கு ஓடிவந்தாய். "மாதா பச்சையா அழுதாங்கங்க, ஊரே பாத்துச்சு" என்றாய். நான் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். சூப்பில் உப்புக் குறைச்சல் என்றேன்.

அதற்குப் பிறகு இருபத்தொரு வருஷம் அதே உப்புக் குறைச்சல்தான். மோட்டார் பழுதாகி நின்ற நாட்களில் ஊற்றும் நூலாக இளைத்துப்போகும். "இன்னிக்கு மாதாவுக்கு மனசு சரியில்ல" என்று நெட்டா சொல்வாள். நீயும் தலையாட்டுவாய். மோட்டாருக்குத்தான் சரியில்லை என்பது என் தொண்டைவரை வரும். ஒவ்வொரு வருஷமும் துறைமுகச் சாலையில் கசிவு என்று எழுதிக் கொடுத்தேன். இடம் குறிக்காத கசிவை யார் தோண்டுவார்கள்? பொறியாளர்கள் வந்தார்கள், போனார்கள். நான் சின்னப் பையனாகக் கோயிலில் புதுநன்மை வாங்கிய வருஷம் பதித்த இரும்புக் குழாய் அது. அதற்குப் பக்கத்திலேயே இரண்டு சாண் மேலே அதே வயதில் சாக்கடைக் குழாய். இரண்டையும் பதித்தவர்கள் ரிப்பன் வெட்டிவிட்டுப் போனவர்கள்தான், பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்தக் கோடையை நீ பாதிதான் பார்த்தாய். நீ ஜெர்மனிக்குப் போனபின் மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர் பதினாறு நாளைக்கு ஒருமுறை என்று ஆகிவிட்டது. வால்வு திறக்கப் போனால் முன்கூட்டியே ஆட்கள் நிற்கிறார்கள். என் கையில் இருக்கிற நீளமான இரும்புச் சாவியைப் பார்த்து, "வந்துட்டாருய்யா மோசே! கோலால பாறையத் தட்டுங்க, தண்ணி பொங்கட்டும்!" என்று கத்துகிறார்கள். முதல் தடவை நானும் சிரித்தேன். நான் ஓட்டலுக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவதாகவும் ஒருவன் சொன்னான், அவன் கல்யாணத்துக்கு நாம் போயிருக்கிறோம்.

ஒர்சோலா டீச்சர் திட்டவில்லை. ரோசால்பாவுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர். புருஷன் இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. கூட்டம் கலைந்தபின் என் பக்கத்தில் வந்து, "நோஃப்ரியோ, போன தடவ தண்ணி எங்க தெருமுனைவரைக்கும் வந்துச்சுப்பா, வீட்டுக்கு ஏறல. அவரு துணியக் கடல்லதான் அலசுறேன். உப்புப் பட்டு முதுகெல்லாம் புண்ணாயிருச்சு. எப்ப வரும்னு கேக்கல. வருமா வராதா, அத மட்டும் சொல்லு" என்றார். அங்கே நின்றால் துறைமுகம் தெரியும் இல்லையா? பாறைக்கு முன்னால் ஆட்கள் கேனோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். டீச்சர் வீட்டுக்கு ஏற வேண்டிய தண்ணீர்தான் அங்கே வழிந்துகொண்டிருந்தது. பார்க்கிறேன் டீச்சர் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போதும் தோண்டியிருக்க மாட்டேன், அசுந்தா. என்னை நல்லவனாக நினைக்காதே.

ஆகஸ்ட் கடைசியில் துறைமுகத்தில் குளித்த பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும். கடல் தண்ணீரை எடுத்துப் பார்க்க சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள், நம் ரோசால்பாவைவிடச் சின்னவள். போகிற போக்கில் ஊற்றிலும் ஒரு குப்பி பிடித்துக்கொண்டாள். நாலு நாள் கழித்து எனக்குப் போன். "மாமா, இது ஊத்து இல்ல, குழாய்த் தண்ணி. குளோரின் இருக்கு. பரவாயில்ல. ஆனா சாக்கடையும் இருக்கே. இத ஜனங்க குடிக்கிறாங்களா?" என்றாள். எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. மேலே போகிற சாக்கடைக் குழாயும் விரிசல் விட்டிருக்கிறது. மோட்டார் ஓடும்போது நம் குழாய் தண்ணீரை வெளியே தள்ளும். நிற்கும்போது வெளியே இருப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இந்த வருஷம் மோட்டார் ஓடிய நாளைவிட நின்ற நாள்தான் அதிகம். ஊற்றில் மட்டும் இல்லை, மேட்டுத்தெருவுக்குப் போவதிலும் அது கலந்திருக்கும்.

சவேரியோ சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "எனக்கும் மூக்கு இருக்குல்லய்யா. குளோரின் வாசன எப்பவோ தெரியும்" என்றார். "நீ தோண்டு. ஞாயித்துக்கிழமை பூசையில நான் ஜனங்களுக்குப் பக்குவமாச் சொல்றேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை அவர் பிரசங்கம் பண்ணியது பொறாமையைப் பற்றி.

பன்னிரண்டாம் தேதி இரண்டு ஆட்களோடு தோண்டினேன். இடம் குறித்து நான் எழுதிக் கொடுத்த முதல் தாள் அது. பொறியாளர், "இத்தன துல்லியமா எப்படிச் சொல்ற?" என்று கேட்டார். அனுபவம் என்றேன். மார்பளவு ஆழத்தில் குழாய் இருந்தது. துரு காய்ந்த ரொட்டித் தோல்போல் கையோடு வந்தது. முன்னங்கை நீளத்துக்கு விரிசல். அதைச் சுற்றி இரும்புப் பட்டை போட்டு இறுக்கினோம். சாக்கடைக் குழாயில் இரண்டு மீட்டரை வெட்டி எடுத்துப் பிளாஸ்டிக் குழாய் வைத்தோம். மிச்சமெல்லாம் பழையபடிதான்.

மத்தியானத்துக்குள் பாறையில் தண்ணீர் மெலிந்தது. பிறகு சொட்டியது. மூன்று மணிக்கு நின்றுவிட்டது. பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டு நின்றார்கள். நான் முழங்கால்வரை சேற்றோடு மேலே ஏறி வந்தபோது நெட்டா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "மாதாவுக்கே குழாய மூடுன ஒரே ஆளு நீதான்டா பாவி! புள்ளத்தாச்சிப் பொண்ண வச்சிக்கிட்டு இதச் செய்வியா? அசுந்தாவுக்கு என்னடா பதில் சொல்லுவ?" என்றாள். மற்றதற்கெல்லாம் பதில் இருந்தது. சாக்கடை கலந்திருக்கிறது என்று சொன்னேன். குழாய் என்று சொன்னேன். "உன் புத்திதான் சாக்கடை" என்றாள். கடைசிக் கேள்விக்குப் பதில்தான் இந்தக் கடிதம். மறுநாள் நம் வாசலில், பாறையில் ஏற்றிவைக்கிற மெழுகுவர்த்திக் கண்ணாடிகளை யாரோ உடைத்துப் போட்டிருந்தார்கள். கூட்டிவிட்டேன்.

மேட்டுத்தெருவுக்கு ஆறாம் நாளே தண்ணீர் ஏறியது. டீச்சர் வீட்டு மாடியில் வெள்ளைத் துணி காய்ந்தது. எனக்கு அது போதும் என்று நினைத்தேன். அடுத்த நாளே மீன் ஏலக் கூடத்துக்கு முன்னால் குழாய் வெடித்துவிட்டது. ஒரு இடத்தை அடைத்தால் அழுத்தம் கூடி வேறு இடத்தில் பிய்த்துக்கொள்கிறது. திரும்பத் தோண்டினோம். இன்றைக்கும் அங்கேதான் நின்றேன். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது, குழாய் இன்னும் நாலு கிலோமீட்டர் இருக்கிறது. இடுப்பு வலி பற்றிச் சொல்லி உன்னைக் கலங்கவைக்க விரும்பவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். ஊற்று நிற்பதற்கு முன்பே பிடித்து வைத்த பாட்டில்கள் நெட்டா வீட்டில் ஆறு இருக்கின்றன. அதில் ஒன்றை ரோசால்பாவுக்காக நீ கேட்டிருக்கிறாய். என்னிடம் கேட்கவில்லை, அவளிடம் கேட்டிருக்கிறாய். புரிந்துகொண்டேன். வியாழக்கிழமை ஜெர்மனிக்குப் போகிற பஸ்ஸை ஓட்டுவது என் சித்தப்பா மகன் மேலோதான். அவனிடம் கொடுத்து விட்டிருக்கிறாள். உடையாமல் கட்டிக் கொடுக்கச் சொல்லி அவன் அதை இங்கே கொண்டுவந்தான். ஆகஸ்டில் பிடித்த தண்ணீர். மேசைமேல் என் முன்னால் இருக்கிறது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

கொட்டிவிட்டுக் கடையில் வாங்கிய தண்ணீரை ஊற்றி அனுப்பியிருக்கலாம். உனக்கு ஒருநாளும் தெரிந்திருக்காது. மூடியைத் திறக்கக்கூடச் செய்தேன், அசுந்தா. திரும்ப மூடிவிட்டேன். மாப்பிள்ளைக்கு ஒரு வரி அனுப்பினாலும் போதும், உன் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடுவார். அதையும் செய்யவில்லை. உனக்குத் தெரியாமல் உனக்காக முடிவு செய்தது போதும் என்று தோன்றிவிட்டது. கடிதத்தை முதலில் கொடுத்து, நீ படித்து முடித்தபின்தான் பாட்டிலைக் கொடுக்க வேண்டும் என்று மேலோவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

அதனால் உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அதை அவள் உதட்டில் வைக்காதே. நெற்றியிலும் தெளிக்க வேண்டாம், கை வாய்க்குப் போகும். வேண்டுமானால் மூடியபடியே அவள் தலைமாட்டில் வை. மாதாவுக்கு மூடி தடை இல்லை. அந்த ஒன்பது வெள்ளிக்கிழமை நீ கேட்டாய், ரோசால்பா வந்தாள். அதில் நான் கை வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். நான் அடைத்தது குழாயை மட்டும்தான். நீ என்னை நம்பாவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நம்பு.

நேற்று வேலை முடிந்து வரும்போது அந்தப் பாறையின் முன்னால் நின்றேன். யாரும் இல்லை, பாறை காய்ந்து கிடந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அங்கே முழங்கால் போட்டேன். உங்கள் மூன்று பேருக்காகவும் வேண்டிக்கொண்டேன். மாதா உங்களைக் காப்பாற்றட்டும். மனதாரச் சொல்கிறேன்.

உன்
நோஃப்ரியோ