'பணிந்தான்' என்ற சொல்லுக்கான அட்டைகள்

மார்ச் 3

பண்டிதை அம்மாளுக்கு,

நலம். அக்காவின் முழங்கால் வலி குறையவில்லை. இன்னும் பத்து நாளாவது இங்கே துணைக்கு இருப்பேன். அந்த எபிரேய வினைச்சொல்லை அகராதிக் குழு என்னிடமிருந்து எடுத்து உன்னிடம் கொடுத்துவிட்டதாமே. நான் கிளம்பிய அன்று காலையிலேயே செயலாளரின் கடிதம் வந்துவிட்டது. வாழ்த்துகள். சமையலறை மேஜையில் உனக்கு அந்த மொழியின் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்த மடையன் யார் என்று அவரிடம் சொன்னாயா? வயிறு எரிகிறது, மறைப்பானேன்?

'தோற்று அடங்குதல்' என்று மட்டும் எழுது. பைபிளில், போரில் அடிவாங்கிய எதிரிகளுக்கு வரும் சொல் அது. மேதாவித்தனம் காட்டாதே.

உன் முன்னாள் வாத்தியார்

மார்ச் 7

என்னங்க,

அண்ணியின் முழங்கால் போன மாதமே சரியாகிவிட்டதாக அவரே போனில் சொன்னார். கோபித்துக்கொண்டு போனவர் கோபம் என்றே எழுதலாமே. மகள் தினமும், "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று பிடுங்குகிறாள்.

அட்டைப் பெட்டியில் அந்தச் சொல்லின் இடம் காலியாக இருக்கிறது. வசனத்துக்கு ஒன்றாக நீங்கள் குறிப்பெழுதி வைத்த முப்பத்தாறு அட்டைகளும் இல்லை. இருபதாம் தேதி அச்சுக்குக் கொடுக்க வேண்டும். எங்கே வைத்தீர்கள்?

அடுத்தவனின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டுப் பறித்துக்கொண்டானே ஒரு ராஜா, அவனை யார் அடித்தார்கள்? தீர்க்கதரிசி கண்டித்ததும் துணியைக் கிழித்துக்கொண்டு உபவாசம் இருந்தான். அதற்கும் இதே சொல்தான். கடவுளே தீர்க்கதரிசியிடம், இவன் பணிந்ததைப் பார்த்தாயா என்று கேட்கிறார். தோற்றவனை யாராவது அப்படிக் காட்டுவார்களா?

உங்கள் மனைவி

மார்ச் 10

பண்டிதைக்கு,

எலி தின்றிருக்கும். ராஜா பணிந்தானாம்! உயிருக்குப் பயந்து நடித்தான். என் அட்டைகள் இல்லாமல் எழுதித்தான் பாரேன், உன் சாமர்த்தியம் தெரியட்டும்.

வாத்தியார்

மார்ச் 17

தங்கம்,

நீ பதில் போடவில்லை. திட்டியாவது எழுதியிருக்கலாம்.

அட்டைகளைக் கிளம்பும் அன்று நான்தான் எடுத்து வந்தேன். என் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் இருந்தன. என்னைவிட நீ நன்றாக எழுதிவிடுவாய் என்ற பொறாமைதான், வேறென்ன? நேற்று அந்த ராஜாவின் அட்டையை எடுத்தேன். 'யாரும் அடக்கவில்லை, தானே பணிந்தான்' என்று பதினைந்து வருஷத்துக்கு முன் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். நீ சொன்னதேதான். தெரிந்துகொண்டே உன்னோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

முப்பத்தாறும் இத்துடன் பார்சலில் வருகின்றன. நான் செய்ததைச் செயலாளருக்கும் எழுதிவிட்டேன். வீட்டுக்கு வரட்டுமா?

உன் வீட்டுக்காரன்

மார்ச் 20

என்னங்க,

அட்டைகள் வந்தன, ஒன்றும் குறையவில்லை. உங்கள் குறிப்புகளைச் சேர்த்து அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். கீழே என் பெயர் மட்டும்தான் வரும். செயலாளர் உங்களுக்கு இனி வேலை தருவாரா, தெரியாது. நான் பரிந்து பேசப் போவதில்லை. எனக்கும் கோபம் பாக்கி இருக்கிறது. நேரில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மகளைக் கூப்பிட்டேன்.

"பார்த்தியாடி உங்கப்பாவை?" என்றேன்.

"ஏம்மா, என்ன பண்ணாரு?" என்றாள்.

கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனேன்.

உங்கள் மாணவி