விலகி நின்ற புள்ளி

என் அன்பு அப்பா,

வுப்பர்டாலில் இன்றும் மழை; ஜேர்மனியிலேயே மழைக்குப் பேர்போன ஊரல்லவா. நீங்கள் இருந்தால் யன்னலைத் திறந்துவைத்து அம்மாவிடம் பேச்சு வாங்கியிருப்பீர்கள்.

தென்துருவக் கண்டத்துக்கு நான் வெளிக்கிட்டபோது, “காத்தை அளக்க அவ்வளவு தூரம் போகவேணுமோ? இஞ்சை காத்தில்லையோ?” என்று கேலி செய்தீர்கள். இங்கே ஊர்ப்புகையெல்லாம் கலந்த காற்று, அங்கேதான் சுத்தமான காற்று, அதில் கரியமில வாயு எவ்வளவு கூடுகிறது என்று பார்க்கப் போகிறேன் என்றேன். தலையாட்டினீர்கள். உண்மையாகவே விளங்கியதா, அப்பா?

நீங்கள் போன செய்தியைத் தங்கச்சி செய்மதித் தொலைபேசியில் சொன்னாள். அங்கே கடும் மாரி, வெயிலே காணாத குளிர்காலம். விமானமும் இல்லை, கப்பலும் இல்லை. நான் வைக்கவேண்டிய கொள்ளியை அவள்தான் வைத்தாள். அம்மாவோடு இரண்டு வார்த்தை பேசி வைத்துவிட்டேன். தகப்பன் செத்தும் இவன் அழவில்லை என்று அம்மாவுக்கு மனம் விட்டுப்போயிற்று. நான் திரும்பி வந்து மாதங்களாகியும் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அழுதேன் என்று வாயால் சொல்ல எனக்கும் வெட்கம்.

அன்று கண்ணாடிக் குடுவையில் காற்றுப் பிடிக்கும் நாள், அப்பா. மூச்சை அடக்கிக்கொண்டுதான் குடுவையைத் திறக்கவேண்டும். எங்கள் மூச்சில் கரியமில வாயு கூட; அது பட்டால் பிடித்த காற்றுப் பழுதாகிவிடும். பழகிய வேலைதான், அன்று ஏலவில்லை. திறந்ததும் அழுகை வெடித்தது. பனியில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதேன். பிறகு மூடி, ‘பழுது’ என்று எழுதி ஒட்டினேன்.

குடுவைகள் கப்பலில் வந்து, இப்போதுதான் ஆய்வுகூடத்தில் சோதித்து முடித்தார்கள். வரைபடத்தில் மற்றப் புள்ளிகள் ஒழுங்காக ஒரு கோட்டில் நிற்க, ஒன்று மட்டும் மேலே விலகி நிற்கிறது. அறிக்கையில் அதைச் சேர்க்கமாட்டார்கள். அந்த வரைபடத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கி வந்தேன்.

நேற்றுக் குசினியில் சமைத்துக்கொண்டே அம்மா கடைசியில் கேட்டேவிட்டா. “தம்பி, அப்பாவுக்கு நீ அழுதனியோ?”

தாளை மேசையில் விரித்து, நடந்ததைச் சொன்னேன். “இந்தப் புள்ளி நான் அழுத மூச்சம்மா.”

அம்மா அடுப்பை அணைத்துவிட்டுக் கிட்ட வந்தா. அந்தப் புள்ளியை விரலால் தடவிக்கொண்டே இருந்தா. பிறகு என் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டா. நாங்கள் இருவரும் உங்களுக்காகச் சேர்ந்து அழுதது நேற்றுத்தான்.

மறுபடியும் ஒரு மாரிக்கு அங்கே போகக் கேட்டார்கள், மறுத்துவிட்டேன். அடுத்த மாதம் உங்கள் ஆண்டுத் திவசம். இனி ஒவ்வொரு திவசத்துக்கும் நான் வீட்டில் இருப்பேன் அப்பா, அம்மாவுக்குப் பக்கத்தில்.

உங்கள் மூத்த பிள்ளை,
ராசன்