அப்பாவின் பெயர் வந்த லாரி

அன்பு மகள் கொரினுக்கு, ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் வீடும் வாசலில் நிற்கும் பீக்கன் மரமும் சுகம். அந்த ஓரிகன் மழையில் நீயும் மாப்பிள்ளையும் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா என்று எழுது. போனில் நீ என்னைப் பேசவிட மாட்டாய், அதனால்தான் இந்தக் கடிதம். லாரி விஷயம் உனக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கப்போவதில்லை, இங்கே சபையில் ஒருத்தி தும்மினால் அங்கே உனக்குக் கேட்டுவிடுகிறது. உன் அம்மா ஒடெஸ்ஸாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். கலங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், வாசித்து முடித்துவிட்டு அப்புறம் வீட்டை விற்கச் சொல்லு.

பள்ளிக்கூடத்துக்கு உன் தாத்தா பெயரை வைக்கிறார்கள் என்று முன்பே சொன்னேன் அல்லவா, டீச்சர் வேலையை விட்ட பிறகும் செவ்வாய்க்கிழமை தோறும் நான் அங்கே இரண்டாம் வகுப்புக்குக் கதை வாசிக்கப் போய்க்கொண்டிருந்ததும் உனக்குத் தெரியும். அன்றைக்கு நரிக்குட்டிக் கதையில் பாதி தாண்டியிருப்பேன், ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி வந்து நின்றது. எஞ்சினை அணைக்கவில்லை. ஆளும் இறங்கவில்லை. அந்தச் சத்தம் என்னை என்ன செய்யும் என்று என்னிடம் வளர்ந்த உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாத்தா நம் கறுப்பு ஜனங்களை வாக்காளர் பட்டியலில் பெயர் பதியக் கூட்டிப்போன நாளிலிருந்து, வெள்ளைக்காரர்கள் வண்டியில் வந்து ஜன்னல் வழியாகச் சுடுவார்கள் என்று எங்கள் வீட்டில் விளக்கைத் தரையில்தான் வைப்போம், நானும் அண்ணன் நத்தானியேலும் குப்புறப் படுத்துத்தான் வீட்டுப்பாடம் எழுதினோம், பிரசங்கக் கோட்டைக்கூடக் கழற்றாமல் தாத்தா முழங்காலில் நகர்ந்து வந்து எங்கள் கணக்கைத் திருத்துவார். "வண்டி நின்னா தலையைத் தூக்காதீங்க" என்பதுதான் எங்கள் வீட்டில் சட்டம். ஒரு நாள் விளக்கு வைத்த நேரத்தில் வண்டி வந்து நின்றது. "ஐஸ்காரர் லாரிதான்" என்று அண்ணன் எழுந்தான். அவன் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். வந்தது ஐஸ்காரர் இல்லை.

அதனால் வகுப்பில் என் வாயிலிருந்து வந்தது என் குரல் இல்லை, தாத்தாவின் குரல். "கீழே படுங்க!" என்றேன். கொரின், அந்தப் பிள்ளைகள் ஒன்றுகூட ஏன் என்று கேட்கவில்லை. நாற்காலி இழுபடவில்லை, சிரிப்பில்லை, ஜன்னலுக்குக் கீழே சுவரோடு ஒட்டிப் படுத்துவிட்டார்கள், துப்பாக்கிக்காரன் பள்ளிக்குள் வந்தால் என்ன செய்வது என்று மாதாமாதம் பழகுகிறார்களாம். நானும் அண்ணனும் அப்படிச் சத்தமில்லாமல் ஒரு நாளும் படுத்ததில்லை. சின்ன டீச்சர் அபாய மணியை அழுத்திவிட்டாள். என் பக்கத்தில் கிடந்த ஸாரியா என்கிற குட்டி என் கையைத் தடவிக்கொண்டு, "அழாதீங்க மிஸ் ஒடெஸ்ஸா, சத்தம் கேட்டா கண்டுபிடிச்சிருவாங்க" என்று காதில் சொன்னாள். நான் அழுதுகொண்டிருந்ததே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

போலீஸ் வந்து பார்த்தால் அது பெயர்ப்பலகை கொண்டுவந்த லாரி. அருட்திரு ஆமோஸ் டோலிவர் பள்ளி என்று தாத்தா பெயர் எழுதிய பலகை புல்லில் கிடக்கிறது, அதைச் சுமந்து வந்த பையன் துப்பாக்கிகளுக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். என்னிடம் படித்த டியாண்ட்ரேதான், பேச்சு ஓயாதவன், நினைவிருக்கிறதா? எல்லாம் அடங்கிய பிறகு என்னிடம் வந்து, "மிஸ் ஒடெஸ்ஸா, அன்னிக்கி மூலையில நிக்க வெச்சது பத்தாதா, இன்னிக்குமா?" என்று சிரித்தான். போலீஸ்காரன் ஒருவன் கொஞ்சம் பயந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

தலைமையாசிரியை வெர்னீஸ் வீட்டுக்கே வந்தாள். "பெற்றோர் பயப்படுறாங்க மிஸ் ஒடெஸ்ஸா. பேர் வைக்கிற விழா முடியட்டும், நீங்க கதை வாசிக்கிறதை அப்புறம் பாக்கலாம்" என்றாள். பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம், அந்தக் குரலை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். சரியென்று தலையாட்டினேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வீட்டில்தான் இருந்தேன், மனசும் உன்னோடு வந்துவிடத்தான் சொன்னது, பெட்டியைக்கூட இறக்கி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வருகிறேன், நம் சபையில் இன்னும் அண்ணன் நினைவாக அவன் முகம் அச்சடித்த அட்டை விசிறிகள்தானே, அதில் ஒன்றை வீசிக்கொண்டு ஸாரியா வந்து என் முன்னால் நின்றாள். "ஏன் கதை வாசிக்க வரலை? நாங்க சரியா படுக்கலையா?" என்று கேட்டாள். அவள் தலையைத் தடவிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் வெர்னீஸ் அறையில் போய் உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளைக்குப் பதில் சொல்லாமல் என்னால் சாகமுடியாது, என் நாற்காலியை ஜன்னலை ஒட்டிப் போடு, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிக்கிறேன், எது வந்து நின்றாலும் திரும்பிப் பார்க்கமாட்டேன், பக்கத்தில் இன்னொரு டீச்சரை வேண்டுமானாலும் நிறுத்தி வை என்றேன். ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை என்றாள். விழாவுக்கு மறு வாரம். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார முடியுமா என்று சமையலறையில் உட்கார்ந்து பார்க்கிறேன், கழுத்தெல்லாம் வேர்க்கிறது. பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் சொல்ல என்ன வெட்கம். ஆனால் வீட்டை விற்கும் பேச்சு இனி வேண்டாம், பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றியாகிவிட்டது.

மாப்பிள்ளை இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? உப்பைக் குறை. விழாவுக்கு வரும்போது குளிர் கோட்டு வேண்டாம், இங்கே இப்போதே வெயில் கொளுத்துகிறது. அத்திப்பழ ஜாம் உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். போகும்போதும் வரும்போதும் கர்த்தர் உங்கள் இருவரையும் காப்பாராக.

ஒன்றை மறக்காதே. வாசலில் வண்டி நிற்கும் சத்தத்துக்குப் பயந்து இத்தனை வருஷமும் உன்னைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னேன். இந்தத் தடவை வண்டியை நேராக முன்வாசலில் நிறுத்து. நானே வந்து கதவைத் திறப்பேன். கொஞ்சம் தாமதமானால் போய்விடாதே, தரையிலிருந்து எழுந்து வர நேரமாகும்.

உன் அம்மா,
ஒடெஸ்ஸா டோலிவர்