தண்ணீர் தூங்கும்போது

நவம்பர் 27

இன்றும் ராட்டினக் குதிரைகளை எழுப்பாமல் நடந்தேன். ராத்திரி போர்த்திய துணி இன்னும் அவற்றின் மேல் இருந்தது. கேட் திறக்கும் வரை இந்தப் பூங்கா எனக்கும் பனிக்கும் மட்டும்தான் சொந்தம். நான் அமைத்த புதையல் வேட்டை விளையாட்டின் ஏழு ஒளிவிடங்களிலும் பேட்டரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கடைசியாக மரப்பாலம்.

குளம் மூச்சுவிடாமல் கிடந்தது. பாலத்தின் அடிப்பலகையில் நான் வரைந்த மீன் தண்ணீருக்குள் அசையாமல் நின்றது. குளத்தை வற்றவைத்துக் கழுவிய சமயத்தில் ஏணி போட்டு வரைந்தது. நேராகப் பார்க்க முடியாது, தண்ணீரில்தான் தெரியும். எத்தனை தரம் பார்த்தாலும் அலுப்பதில்லை. நானே வரைந்துவிட்டு நானே சொக்கிப்போகிறேன்.

ஏழாவது துப்பு இதற்குத்தான்: "தண்ணீர் தூங்கும்போது பாலம் தன் வயிற்றைக் காட்டும்." மீனின் மூக்கு காட்டும் தூணில், ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் கைவிளக்கைக் கொண்டுபோய் வைத்தால், விளக்கிலுள்ள ஏழாவது பொட்டும் பச்சையாக எரியும். பூங்காக் கோபுரத்தின் மணி தானாக அடிக்கும். வேட்டை தொடங்கி ஆறு மாதம் ஆயிற்று, அந்த மணி இன்னும் அடிக்கவில்லை. அவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதியிருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. இருந்துவிட்டுப் போகட்டுமே.

அக்கா இன்றும் கட்டிலை விட்டு இறங்கவில்லை.

நவம்பர் 30

அத்தான் இறந்துபோனதும் அக்கா வீட்டைப் பூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். அந்தச் சாவி சமையலறை ஆணியில் தொங்குகிறது. இன்று மெதுவாக ஆரம்பித்தேன் — ஒருநாள் போய்ப் பெருக்கிவிட்டாவது வரலாமே என்று.

"அவர் செருப்பு வாசல்லயே கிடக்குடி. அதைத் தாண்டி நான் எப்படி உள்ள போவேன்?"

நான் போய் எடுத்து வைக்கட்டுமா என்றேன்.

"தொட்டே, அவ்வளவுதான்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படியே இருந்துவிடுவாளோ?

டிசம்பர் 3

ஒரு கைவிளக்கைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டேன். "சின்ன வயசுலேர்ந்து நீதான் புத்திசாலின்னு பீத்திக்குவியே. கண்டுபிடி, பாக்கலாம்."

"உன் துப்பெல்லாம் எனக்கு ஜுஜுபி."

சொன்னாளே தவிர எழுந்திருக்கவில்லை. ஆனால் விளக்கைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். பார்த்தேன்.

டிசம்பர் 4

போனாள்!

டிசம்பர் 9

மூன்று பொட்டு எரிந்துவிட்டது. தட்டில் கை வைத்தபடியே கதை சொல்கிறாள். பொம்மைத் தெருவின் தபால்பெட்டிக்குள் இருக்கும் ஆந்தையைப் பார்த்ததும் அலறிவிட்டாளாம். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் தண்ணீர் கொடுத்தாராம். "அதை அங்க வெச்சவ நீதானே? கொழுப்பு!" என்று என் தலையில் ஒரு குட்டு. எத்தனை மாதம் கழித்து வாங்கிய குட்டு. தலையைத் தடவிக்கொண்டு சந்தோஷமாகச் சாப்பிட்டேன்.

ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறாள். "வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னே, ஜென்மத்துக்கும் உன்னோட பேச மாட்டேன்."

டிசம்பர் 16

ஆறு பொட்டு! காலையில் எனக்கு முன்னால் குளித்துவிட்டு வாசலில் நிற்கிறாள்.

பூங்கா மேனேஜர் என் பட்டறைக்கு வந்தார். "யாருமே முடிக்காத விளையாட்டை வெச்சிக்கிட்டு என்ன பண்றது? இந்த லீவோட எடுத்துடலாம்" என்றார். என் பெருமைக்கு நல்ல அடி. ஆனால் அடி விழுந்தபோது எனக்கு என் வேட்டை ஞாபகம் வரவில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டு நின்ற அக்காதான் வந்தாள். வேட்டை போய்விட்டால் அவள் எதற்காகக் காலையில் எழுவாள்?

டிசம்பர் 20

நாலு நாளாக அந்தப் பாலத்திலேயே கிடக்கிறாள். சரியான இடம்தான், ஆனால் தெரியவில்லை என்கிறாள். இன்று வந்ததும் படுத்துவிட்டாள்.

"அந்தத் தண்ணி தூங்கவே தூங்காதுடி. என்னை மாதிரி."

டிசம்பர் 22

அக்கா ஸ்வெட்டரை மறந்துவிட்டுப் போயிருந்தாள். குளிருமே என்று எடுத்துக்கொண்டு பட்டறையை விட்டு வெளியே வந்தேன். வேட்டையைக் கட்டியவர்கள் ஆட்டக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்பது எங்கள் சட்டம். கேட் திறந்ததும் பட்டறைக்குள் போனால், மூடிய பிறகுதான் வெளியே வருவோம். கூட்டத்தோடு அந்தக் குளத்தை நான் பார்த்தது இன்றைக்குத்தான்.

ஐயோ. நடுக்குளத்தில் நீரூற்று! காலையில் நான் வரும்போது அது வெறும் குழாயாகத்தான் நிற்கும். கேட் திறக்கும்போது போட்டு, மூடும்போது நிறுத்துவார்களாம். குளம் முழுக்க நுரை, அலை. மீனாவது ஒண்ணாவது! சுக்கு நூறாக உடைந்து பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாசமா தினம் காலைல வந்து, தூங்குற தண்ணியப் பாத்து சொக்கிட்டுப் போயிருக்கேனே, முட்டாள், முட்டாள்! வந்தவங்க எல்லாரையும் இல்லாத ஒண்ணத் தேட விட்டிருக்கேன். அக்காவையும்தான்.

ஸ்வெட்டரை வாங்கிக்கொண்டு, "என்னடி முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். சொல்லவும் முடியவில்லை. சொன்னால் பேச மாட்டாள். அதைவிட மோசம், நான் சொல்லி அவள் கண்டுபிடித்தால் அது அவளுடையது ஆகாது.

டிசம்பர் 23

பம்புக்காரரிடம் போய்க் கெஞ்சினேன். "ஃபவுண்டன் நின்னா மேனேஜர் என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாரும்மா. நீங்க அவர்கிட்டயே சொல்லுங்க."

சொன்னேன். மேனேஜர் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, லீவு முடியும் வரை மத்தியானத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்க்கலாம் என்றார். நல்ல மனுஷன். அவர் சிரித்ததைக்கூட மன்னித்துவிட்டேன்.

டிசம்பர் 24

நீரூற்று நின்றது. பட்டறையின் உயர ஜன்னலில் இன்றுதான் ஸ்டூல் போட்டு ஏறினேன், பாலத்தின் ஒரு பாதி தெரிந்தது. அக்கா பாலத்தில்தான் இருந்தாள். குளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பலூன்காரரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்!

திரும்பு. திரும்புடி அக்கா. திரும்பித் தொலையேன்!

மறுபடி தண்ணீர் எழும்பிவிட்டது.

டிசம்பர் 26

போகவில்லை. தலைவலி என்கிறாள். ஆணியில் சாவி, கட்டிலில் அக்கா. பழையபடி.

டிசம்பர் 27

மத்தியானம் ஒரு பொம்மை முயலுக்குக் காது ஒட்டிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது.

முதலில் புரியவில்லை, கனவில் கேட்கிற சத்தம் மாதிரி எங்கிருந்தோ வந்தது. அப்புறம் காதும் பசையுமாக ஸ்டூலில் ஏறினேன். கூட்டம் மொத்தமும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா மட்டும் பார்க்கவில்லை. தூணில் விளக்கைப் பிடித்தபடி, குனிந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். நீரூற்று எழும்பி மீன் கலைகிற வரைக்கும் நின்றாள். நான் அழுதேன். முயல் காது என் சட்டையில் ஒட்டிக்கொண்டது.

இன்றும் தலைவலி என்று படுத்திருந்தவள், அது விட்டதும் கிளம்பி வந்தாளாம். சாப்பிடும்போது, "உன் மீனுக்கு ஒரு கண்ணுதான் இருக்கு" என்றாள்.

"பக்கவாட்டுல பாத்தா ஒண்ணுதான் தெரியும்."

"சமாளிக்காதே."

கை கழுவும்போது, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "நான் ஒண்ணுமே பண்ணலடி. தண்ணி நின்னுச்சு. அதுவா வந்துச்சு."

டிசம்பர் 31

இந்த நாலு நாளில் இன்னும் இரண்டு தடவை மணி அடித்துவிட்டது. வேட்டை இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார் மேனேஜர். குளத்துக்கு இனிமேல் தினமும் மத்தியானத் தூக்கம். பம்புக்காரர், "எனக்கும் அந்த நேரம் கொஞ்சம் கண்ணசர முடியுது" என்கிறார்.

அக்கா இப்போது பூங்காவுக்கு வருவதில்லை. பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். என்ன நினைக்கிறாள்? கேட்கத் தைரியமில்லை.

ஜனவரி 3

வேலை முடிந்து வந்தேன். கட்டிலில் போர்வை மடித்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். டீ போடச் சமையலறைக்குப் போனேன். ஆணியில் சாவி இல்லை. அந்த இடத்தில் கைவிளக்கு தொங்கியது, ஏழு பொட்டும் பச்சையாக எரிந்துகொண்டு.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. போன் அடித்தது.

"எங்கடி இருக்கே?"

"வீட்லதான். நீ?"

"நானும் வீட்லதான்." பின்னால் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம். "அவர் செருப்பைத் துடைச்சு உள்ள வெச்சுட்டேன்."

நான் தரையிலிருந்து எழுந்து நின்றேன்.

"வாசல் பல்பு போயிடுச்சுடி. வரும்போது ஒண்ணு வாங்கிட்டு வா."