மஞ்சள் துணி கட்டிய மரங்கள்

சான் அன்டோனியோ,
நவம்பர், சனிக்கிழமை.

அன்புள்ள செல்விக்கு,

ராணி எழுதுகிறேன். ஜார்ஜுக்கு முதுகுவலி கொஞ்சம் தேவலை. ஃபெபி காலேஜிலிருந்து தேங்க்ஸ்கிவிங்குக்கு வருகிறாள். எனக்கு நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ ஃபோனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, அதோடு சரி. ஆனால் தபாலில் வந்த கவரைப் பிரிக்காமல் வைக்க உன்னால் முடியாது. பிளானோவில் பக்கத்து வீட்டில் இருந்தபோது கரண்ட் பில்லைக்கூடத் தபால் பெட்டி அருகிலேயே நின்று கிழிப்பவள் நீ. அதனால்தான் இந்தக் கடிதம்.

சபரி அண்ணனுக்கு வேலை போனது எழிலரசி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கோடையிலேயே போய்விட்டதாம். ஃபெபி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் படுத்துக் கிடந்தவள் நீ. உன் வீட்டுக் கஷ்டம் எனக்கு மூன்றாம் மனுஷி வாயால் வந்து சேர வேண்டுமா? கலிபோர்னியாவுக்குக் குடிபோய், குபெர்டினோவில் வீட்டுக் கடனோடு வேலை இல்லாமல் இருப்பது என்னவென்று எனக்குப் புரியாதா? இதை முதலில் எழுதுவதற்குக் காரணம், கீழே எழுதப்போவதைப் படித்துவிட்டு, ராணிக்கு என் நிலைமை தெரியாது என்று நீ சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதுதான்.

நீங்கள், எழிலரசி வீடு என்று ஐந்து குடும்பம் சேர்ந்து இங்கே ஓடைக்கரையில் நிலம் வாங்கியபோது நான் எப்படிக் குதித்தேன் என்று நினைவிருக்கிறதா? டெக்சாஸில் பழைய கோட்டைகளைத் தேடித் தோண்டும் என் தொழிலே அடுத்தவர் கேட்டுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பதுதான். சொந்தக்காரர் சரி சொல்லாமல் ஒரு கல்லைப் புரட்ட முடியாது. நீதான் ஃபோன் போட்டு, ராணி, உன் கோட்டைக்கு எதுத்தாப்புலயே எடம் வாங்கியாச்சு, இனிமே கேட் சாவி எங்கிட்ட, ஒண்ணு உனக்கும் தர்றேன், நீ எப்ப வேணா வாடீ என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காகவே கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.

அக்கரையில் இருக்கும் கோட்டையைக் காட்ட உங்களை அழைத்துப்போனேன். செஞ்சிக்கோட்டை மாதிரி எதிர்பார்த்து வந்த உன் பையன் கவின், இடுப்பளவு கற்சுவரைப் பார்த்துவிட்டு, “தட்ஸ் இட்?” என்று கேட்டான். நீ சிரித்தாய். எனக்குக் கோபமே வரவில்லை. அவன் கேட்டது சரிதான். ஸ்பானிய ராஜா எல்லையைக் காக்க அனுப்பிய சிப்பாய்கள், அவர்கள் பெண்டாட்டி பிள்ளைகள், குதிரைகள், மாடுகள், எல்லாமா அந்தச் சுவருக்குள் இருந்திருக்கும்? தண்ணீர் எங்கிருந்து வந்தது, சோளம் எங்கே விளைந்தது, எந்த மேட்டில் ஏறி எதிரி வருகிறானா என்று பார்த்தார்கள் என்று சுற்றியுள்ள நிலத்தைத்தான் கேட்க வேண்டும். சுவரைப் பார்க்க டூரிஸ்ட் போதும். நிலத்தைப் பார்ப்பதுதான் என் வேலை.

உன் நிலத்தில் அது தெரிந்தது. ஹேக்பெரி என்று ஒரு மரம், விறகுக்குத் தவிர வேறு எதற்கும் ஆகாது. அது உன் நிலத்தில் ஒரே வரிசையாக, மேட்டின் இடுப்பைச் சுற்றி வளைந்து வளைந்து போயிற்று. தானாக முளைக்கும் மரம் வரிசை கட்டி நிற்காது. அடியில் சிப்பாய்கள் வெட்டிய வாய்க்கால் தூர்ந்து கிடந்தது. அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மரங்கள் நின்றன. இத்தனை காலம் ஒருவர் கண்ணிலும் படாதது. நான் முதலில் சொன்னது என் பேராசிரியரிடம் அல்ல, உன்னிடம்.

மார்ச்சில் நீ வந்தபோது, முள்மரங்களை அகற்றப் போகிறோம், எதை வெட்டாமல் விட வேண்டும் என்று அடையாளம் வை என்றாய். இருவருமாக மரத்துக்கு மரம் ஆரஞ்சு ரிப்பன் கட்டினோம். சுருள் தீர்ந்துபோயிற்று. நான் ஊருக்குள் போய் வாங்கி வருகிறேன் என்றேன். நீ உன் மஞ்சள் துப்பட்டாவை இழுத்து, இது பழசுதான் ராணி, இதுக்கு எதுக்கு அவ்ளோ தூரம் டிரைவ் பண்ணிட்டு என்று பல்லால் கடித்துக் கிழித்தாய். மிச்ச மரங்களுக்கெல்லாம் மஞ்சள். அன்று நம்மோடு வேறு யாரும் இல்லை.

அக்டோபரில் போனேன். முள்மரங்கள் அப்படியே நிற்கின்றன. ஹேக்பெரி வரிசை மட்டும் இல்லை. புல்டோசர் வேரோடு பிடுங்கியிருக்கிறது. வேரோடு வந்தால் அடிமண் கலைந்துவிடும், கலைந்த மண் வாய் திறக்காது. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அப்போதும் உன்மேல் சந்தேகம் வரவில்லை. இந்தப் பக்கம் சிலர் வெட்ட வேண்டிய மரத்துக்குத்தான் ரிப்பன் கட்டுவார்கள், டிரைவர் தப்பாக எடுத்துக்கொண்டான் என்று நினைத்தேன். உன் தப்பு ஒண்ணும் இல்ல செல்வி, மனசுல போட்டுக்காத என்று உனக்கு வாய்ஸ் மெசேஜ் வேறு அனுப்பினேன். உனக்கு ஆறுதல்! அதைக் கேட்டபோது உனக்கு எப்படி இருந்தது?

போன வாரம் அந்த டிரைவரை ஊர் பெட்ரோல் பங்கில் பார்த்தேன். நல்ல மனுஷர். ரிப்பனைத் தப்பாகப் புரிந்துகொண்டீர்களா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. தனக்கே சந்தேகம் வந்து ஃபோன் பண்ணிக் கேட்டதாகவும், ரிப்பன் கட்டியதை முதலில் எடு, மஞ்சள் துணி கட்டியதும் அதில் சேர்த்தி, விட்டுவிடாதே என்று அந்த அம்மா சொன்னதாகவும் சொன்னார்.

மஞ்சள் துணி, செல்வி. அது சபரி அண்ணனுக்குத் தெரியாது. மற்ற நான்கு குடும்பத்துக்கும் தெரியாது.

மண்ணைத் தோண்டுகிறவள் என்பதால் என்னைக் குழி பறிக்கிறவள் என்று நம் கூட்டத்தில் எல்லாரும் கேலி செய்வார்கள். கூட இருந்தே குழி பறித்தது நீ. நிலத்தை விற்கப் போகிறீர்களாம், அதையும் எழிலரசிதான் சொன்னாள். வாய்க்கால் விஷயம் வெளியே தெரிந்தால் வாங்க வந்த பில்டர் ஓடிவிடுவான் என்று பயந்திருப்பாய். எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ராணி, கஷ்டம், விற்கணும், சீக்கிரம் முடி என்று சொல்லியிருந்தால் மாணவர்களை அழைத்துப்போய் இரண்டு வார இறுதியில் அளந்து, படமெடுத்துவிட்டுச் சாவியைத் திருப்பித் தந்திருப்பேன். அதற்குப் பிறகு நீ அங்கே பங்களா கட்டு, பாப்கார்ன் கடை போடு, நான் கேட்டிருப்பேனா? காக்க வேண்டியதை நான் விரலால் தொட்டுக் காட்டினேன். நீ அந்த விரல் பிடித்தே அழித்தாய். வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். அந்த வேலியையும் நான்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன் நிலத்தில் வாய்க்கால் மட்டும் இல்லை. செப்டம்பரில் ஒரு கல்லைப் பார்த்தேன். அந்தக் கோட்டைப் பெண்கள் துணி துவைத்த கல். நடு குழிந்து, வழவழவென்று. குனிந்து துவைக்கிறவளுக்குத் தோதாகச் சரித்துப் போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஜெபமாலையின் நீல மணி ஒன்று, யாரோ கழுத்திலிருந்து நழுவியது. ரிப்பன் கட்டவில்லை. பேராசிரியரிடமும் சொல்லவில்லை. தேங்க்ஸ்கிவிங்குக்கு நீ வரும்போது கண்ணைக் கட்டிக் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும் என்று வைத்திருந்தேன். அடையாளம் இல்லாததால்தான் அது பிழைத்துக் கிடக்கிறது.

அடுத்த மாதம் கையெழுத்து என்கிறாள் எழிலரசி. அதற்குப் பிறகு வீடு கட்ட வரும் இயந்திரம் தெரியாமலே அதை நொறுக்கும். எங்கே என்று உன்னிடம் சொன்னால் தெரிந்தே நொறுங்கும். நேற்று வரை இப்படி ஒரு கணக்குப் போட எனக்குத் தெரியாது. உன் விஷயத்தில் அதைக் கற்றுக்கொள்ள வேண்டி வந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கல் எங்கே என்று எழுத மாட்டேன், ஃபோனில் சொல்ல மாட்டேன், படம் வரைந்து தர மாட்டேன்.

குவித்துப் போட்டிருந்த மரங்களில் உன் துப்பட்டாத் துண்டு ஒன்று மாட்டிக் கிடந்தது. எடுத்துவந்து துவைத்தேன். மண் கறை போகவில்லை. இதோடு வைத்திருக்கிறேன்.

கவினுக்கு நல்ல காலேஜில் இடம் கிடைக்கட்டும். அண்ணனுக்குச் சீக்கிரம் வேலை வாய்க்கும். உங்கள் மூவர் பெயரையும் சொல்லித்தான் தினமும் ஜெபிக்கிறேன். இந்த வாரம் உன் பெயரைத் தாண்டிப் போய்விட்டு, திரும்பி வந்து சொன்னேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை வா. தனியாக வா. ஏர்போர்ட்டில் வந்து நிற்கிறேன். நீ என் முகத்தைப் பார்த்து, நான்தான் செய்தேன் ராணி என்று சொன்னால், நேரே அந்தக் கல்லுக்குக் கூட்டிப்போவேன். ஜார்ஜ் என்னைப் பைத்தியக்காரி என்கிறார். இருந்துவிட்டுப் போகிறேன். வா.

இப்படிக்கு,
இன்னும் உன் கேட் சாவியை வைத்திருக்கும்,
ஜெபராணி