துக்கத்துக்கு எந்தக் கலர்

திருப்பூர்

அன்புள்ள அம்மாவுக்கு, சந்தனமாரி கும்பிட்டு எழுதுவது. மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

எந்த நாட்டுக்கு எந்தக் கலர்த் துணி ஆகாது என்று பார்ப்பதும் இப்போது கம்பெனியில் என் வேலை. உலகத்துச் சனங்களின் வழக்கங்களை ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிச் சேர்த்திருப்பதை இன்டர்நெட்டில் தேடுவேன். துக்கத்துக்கு ஓரிடத்தில் கறுப்பு, ஓரிடத்தில் சிவப்பு. ஒரு தேசத்தில் புருஷன் செத்து வருஷம் திரும்பியதும், பொம்பளைக்குச் சொந்தக்காரர்களே கலர்த் துணி உடுத்திவிடுவார்களாம். அதைப் படிக்கும்போது, "ஏனுங்க, கண்ணு கலங்கியிருக்குதுங்க?" என்றார் மேனேஜர். ஏசிக் காற்று என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன்.

கார்த்திகையோடு அப்பாவுக்கு வருஷம் திரும்புகிறது. நீ மூட்டை கட்டி வைத்த சேலைகளை மதினிக்குக் கொடுத்துவிடாதே. பொங்கலுக்கு நான் வரும்போது அந்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வா.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. வெள்ளையில் மட்டும் வந்து நிற்காதே அம்மா. போன தடவை உன்னைப் பார்த்ததும் பஸ்ஸைவிட்டு இறங்க எனக்குக் கால் வரவில்லை.

சந்தனமாரி