தையலா, வெடிப்பா

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஸ்ரீரங்கத்திலிருந்து கே.கே. நகர் ஆபீஸ் போவதற்குள் குடை பஸ்ஸிலேயே தொலைந்து போயிற்று. சனியன், புதுக் குடை.

தென்துருவ மேப், கடைசிக் கட்டம். சாட்டிலைட் ரேடார் படம் பட்டை பட்டையாக எடுக்கும். மேகமோ இருட்டோ அதற்குப் பொருட்டில்லை. பட்டைகளை ஒட்டிய இடத்தில் கோடு விழும். அதைத் தேய்த்து மறைப்பது என் வேலை. ரவிக்கையின் உள்தையல் மாதிரி, வெளியே தெரியக்கூடாது.

இன்று ஒரு கோடு உறுத்துகிறது. ஒட்டிய இடத்தில்தான் போகிறது. ஆனால் நடுவில் லேசான வளைவு. தையல் வளையாது. பனி வெடிப்பு வளையும்.

சனிக்கிழமை அங்குள்ள ஆராய்ச்சி முகாமின் பனி வண்டிகள் அந்த இடத்தைத் தாண்டித்தான் போகின்றன. முதல் வண்டி ஓட்டுவது என் தம்பி செல்வம். இந்த மேப் என் கையில் இருப்பது அவனுக்குத் தெரியாது. வெளியே சொல்லக்கூடாத வேலை.

நவ. 12, புதன்

சாரிடம் காட்டினேன். "தம்பி அங்க இருக்கான்னு உங்களுக்கு எல்லாமே வெடிப்பாத் தெரியுதும்மா. ஜாயின்ட்டுதான். தேச்சு விடுங்க."

கோபம். அதைவிட, அவர் சொல்வது சரிதானோ என்ற சந்தேகம். படத்தைப் பார்க்கிறேனா, தம்பியைப் பார்க்கிறேனா?

எங்களுக்கு வந்தது ஒட்டிய படம். படம் அனுப்பியவர்களிடம் ஒட்டாத பட்டை கேட்டு மெயில் போட்டாயிற்று. அதிலும் கோடு இருந்தால் வெடிப்பு.

வாங்க: பால், கொத்தமல்லி, குடை.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. என் கணவர், "செத்த உக்காரு. எவ்வளவு நேரம் ஹாலை அளப்ப?"

நவ. 14, வெள்ளி

நேற்று எழுத மனமில்லை. பட்டை வரவில்லை. செல்வத்திடம் நேராகவே சொல்லிவிடலாம், ரூல்ஸ் கிடக்கட்டும் என்று போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை.

மதியம் மேப் அனுப்பியாக வேண்டும். கோட்டைத் தேய்க்கவில்லை. மேலே சிவப்பு போட்டு, 'வெடிப்பாக இருக்கலாம், கடக்க வேண்டாம்' என்று எழுதினேன்.

சார்: "தப்பா இருந்தா கம்பெனி பேரு கெடும்மா."

"நான் தப்புன்னா சுத்திப் போவாங்க சார். நீங்க தப்புன்னா?"

"உங்க பேரைப் போட்டு அனுப்புங்க" என்றார். போட்டேன்.

நவ. 15, சனி

மழை. அரைநாள் லீவு போட்டேன். சமையலில் உப்பு இரண்டு தடவை.

பக்கத்து சீட் ஃபெலிக்ஸ் ஆபீஸிலிருந்து போன். "அக்கா, பட்டை வந்துடுச்சு. தனியாத் திறந்து பாத்தேன். கோடு இருக்கு. சார் உடனே முகாமுக்கு மெயில் போட்டுட்டாரு."

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். சந்தோஷமெல்லாம் இல்லை. பயம் இரட்டிப்பு. வெடிப்புக்கு மேல் புதுப்பனி மூடியிருக்கும். கண்ணுக்கு வெறும் சமதரை. சிவப்பைப் பார்த்தார்களா? கிளம்பிவிட்டார்களா? மெயிலுக்குப் பதில் இல்லை.

நவ. 16, ஞாயிறு

செல்வம் போன். அவன் பாட்டுக்குப் பொரிந்து தள்ளினான்.

"எவனோ ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு சிவப்புக் கோடு போட்டு விட்டிருக்கான்க்கா. இங்க பாத்தா தரை பாய் விரிச்ச மாதிரி இருக்கு. நாள் பூரா சுத்து. அறிவு இருக்கா அவனுக்கு?"

இன்னும் கொஞ்சம் திட்டுடா என்று சொல்லத் தோன்றியது. சாப்பிட்டியா என்று கேட்டேன்.